கொப்பியில் எழுதாத இரண்டு ஊசிகள்

இந்த வருடத் தொடக்கத்தில் அன்னிகா என்று ஒரு பெண் என்னைத் தேடி வீட்டுக்கு வந்தார். வயது இருபத்தெட்டு இருக்கும். பக்கத்து மாவட்டத்தில் உள்ள ஒரு விவசாயப் பயிற்சி நிலையத்தில் புதிதாக ஆசிரியராகச் சேர்ந்திருக்கிறார். இளையோருக்கான பன்றிப் போட்டியை அங்கே திரும்பவும் தொடங்கப் போகிறார்களாம். போட்டி வளையத்துக்குள் பன்றியை நடத்தப் பிள்ளைகளைப் பழக்கியவர்கள் இப்போது அதிகம் இல்லை, நீங்கள் சொல்லித் தாருங்கள் என்று கேட்டார். இரண்டரை மணித்தியாலம் சொன்னேன். ஒன்று விடாமல் எழுதிக்கொண்டார். போகிற நேரம், இத்தனை வருடத்தில் உங்களால் மறக்க முடியாத போட்டி எது என்று கேட்டார். நாங்கள் முதற்பரிசு எடுத்த ஒரு போட்டியைப் பற்றிச் சொல்லி அனுப்பிவிட்டேன். சொன்னது பொய்யில்லை. ஆனால் அவர் கேட்டதற்கு அது பதிலில்லை. பதிலை இங்கே எழுதுகிறேன்.

நான் முப்பத்திரண்டு வருடம் ஜெர்மனியில் பன்றிகளோடு வேலை செய்தவன். யாழ்ப்பாணத்தில் சைவக் குடும்பம். வீட்டில் முட்டைகூடக் காய்ச்சமாட்டார்கள். அகதியாக வந்து, வேலை செய்யும் அனுமதி கிடைத்த கிழமை, என்னைத் தங்கவைத்த கிராமத்து வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரே ஒரு வேலைதான் இருந்தது. பன்றிப் பண்ணையில் கழிவு அள்ள வேண்டும். யாரும் போகவில்லை, நான் போனேன். மூன்று மாதம் செய்துவிட்டு வேறு வேலைக்குப் போகலாம் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்த மிருகம் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. அதை எப்படி எங்கள் ஆட்களுக்கு விளங்கப்படுத்துவது? பன்றி ஒரு நாளில் ஆளை அடையாளம் பிடிக்கும். படுக்கிற இடத்தில் அசுத்தம் பண்ணாது. பயப்படுத்தினால் ஒரு கிழமைக்கு மறக்காது. முப்பத்தைந்து வயதில் பதினேழு வயதுப் பிள்ளைகளோடு இருந்து ஆவுஸ்பில்டுங் என்ற தொழிற்பயிற்சியை முடித்தேன். பிறகு மைஸ்டர் பரீட்சையும் எடுத்தேன். அது இருந்தால்தான் மற்றவர்களைப் பழக்கலாம். இரண்டாவது தடவையில்தான் சித்தியடைந்தேன், எழுத்துப் பரீட்சை முதல் தடவை காலை வாரிவிட்டது. அதற்குப் பிறகு டுசல்டோர்ஃபில் இருந்து ரயிலில் ஒன்றரை மணித்தியாலத் தூரத்தில் இருந்த பயிற்சி நிலையத்தில் பன்றிப் பிரிவுக்குப் பொறுப்பாக எடுத்தார்கள். இருபத்தொரு வருடம் அங்கேதான்.

எங்கள் ஆட்களிடம் கேட்டால், விவசாயக் கல்லூரியில் படிப்பிக்கிறேன் என்பேன். கோயிலில், கலியாண வீட்டில், எல்லா இடமும் அதேதான். என்ன படிப்பிக்கிறீர்கள் என்று யாரும் கேட்டதில்லை. மனைவி என் வேலை உடுப்பை நிலக்கீழ் அறையில் தனி இயந்திரத்தில் தோய்ப்பாள். பிள்ளைகளின் நண்பர்கள் வரும் நாட்களில் நான் இரண்டு முறை குளிப்பேன்.

பிள்ளைகளைப் பழக்கும் வேலையைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். போட்டிக்கு ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பன்றி. குட்டி போடாத பெண்பன்றி, ஆறேழு மாதம், நூறு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலான எடை. பென்ட்ஹைம் புள்ளி இனம். வெள்ளை உடம்பில் கறுப்புத் திட்டு, தொங்கும் காது. முதல் இரண்டு கிழமை நடத்தவே கூடாது. பிள்ளை வைக்கோலில் போய் இருக்க வேண்டும், அவ்வளவுதான். பன்றி வந்து சப்பாத்தைக் கடித்துப் பார்க்கும், பிறகு முழங்காலை, பிறகு பக்கத்தில் படுக்கும். படுத்த அன்றுதான் பலகையைக் கையில் கொடுப்பேன். பன்றிக்குக் கயிறு போட முடியாது, இழுத்தால் பின்னால் போகும். பலகையைக் கண்ணுக்குப் பக்கத்தில் பிடித்தால் அது வழி இல்லை என்று மற்றப் பக்கம் திரும்பும். இன்னொரு கையில் மெல்லிய தடி. இடது தாடையில் தொட்டால் வலது பக்கம் போகும், வலது தாடையில் தொட்டால் இடது பக்கம். தொட வேண்டும், அடிக்கக் கூடாது. அடித்த பிள்ளையை அன்றைக்கே கொட்டிலுக்கு வெளியே அனுப்புவேன்.

காலையில் தீன் கொடுக்க முன்னம் இருபது நிமிட நடை. பசியோடு இருக்கும் பன்றி தலையை நிமிர்த்தி நடக்கும். வளையத்துக்குள் பன்றி எப்போதும் பிள்ளைக்கும் நடுவருக்கும் நடுவில் இருக்க வேண்டும். பிள்ளையின் ஒரு கண் பன்றியில், மற்றக் கண் நடுவரில். நடுவர் கேட்டால் முலைக்காம்பு எத்தனை, கால் எப்படி, முதுகு எப்படி, என்ன குறை என்று சொல்லத் தெரிய வேண்டும். தன் பன்றியின் குறையைத் தானே சொல்கிற பிள்ளைக்குத்தான் நல்ல நடுவர்கள் கூடப் புள்ளி போடுவார்கள்.

இன்னொன்றும் பழக்கினேன், மருந்துக் கொப்பி. கொட்டிலில் எந்த மிருகத்துக்கு எந்த மருந்து போட்டாலும் திகதி, காதுத் தோட்டின் இலக்கம், மருந்தின் பெயர், அளவு, எத்தனை நாளைக்கு இறைச்சிக்கு விடக் கூடாது என்று அதில் எழுத வேண்டும். சட்டம் அது. முதலில் எழுது, பிறகு கையைக் கழுவு என்று இருபத்தொரு வருடமாகச் சொல்லி வந்தேன். வந்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அது பாடம்.

எங்கள் பணிப்பாளரின் பெயரை ஹோல்ட்கம்ப் என்று வைத்துக்கொள்வோம். உயரமானவர், மெல்லிய குரல். பதினாறு வயதுப் பிள்ளைகளையும் நீங்கள் என்றுதான் கூப்பிடுவார். ஒருநாளும் சத்தம் போட்டதில்லை, ஒருநாளும் கட்டளை போட்டதுமில்லை. கேள்விதான் கேட்பார். ஒரு கேள்வி, நாம் பதில் சொன்னதும் அடுத்த கேள்வி. நாலைந்து கேள்வி முடியும்போது அவர் விரும்பியதை நாமே சொல்லியிருப்போம், நாமே செய்யப் போவோம். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தாரென்றால் கேள்வி தொடங்கப் போகிறது என்று அர்த்தம். தொடக்கத்தில் எனக்கு அது மரியாதையாகப் பட்டது. மற்ற இடங்களில் என்னை 'ஏய் நீ' என்று கூப்பிட்டவர்களிடம் வேலை செய்தவன் நான்.

மதுரா வந்தபோது அவளுக்குப் பதினாறு வயது முடிந்திருந்தது. டுசல்டோர்ஃபில் பிறந்தவள். தகப்பன் பாலன் ஒரு பெரிய வெதுப்பகத்தில் இரவு வேலை செய்பவர். தமிழ்ப் பள்ளிக்கூட விழாக்களில் எனக்குப் பழக்கம். புதிய பிள்ளைகளின் பட்டியலில் அவளுடைய பெயரைக் கண்டேன். என் வேலை என்னவென்று இனி எல்லோருக்கும் தெரியப் போகிறது. முதல் நாள் அவள் கொட்டில் வாசலில் என்னைக் கண்டு, "அங்கிள், நீங்களோ?" என்று கேட்டாள். பிறகு சிரித்தாள். அவளும் வீட்டில் பன்றி என்று சொல்லவில்லையாம், மாடு என்று சொல்லித்தான் விண்ணப்பம் போட்டாளாம்.

ஒரு மாதத்தில் வீட்டுக்குத் தெரிந்துவிட்டது. பாலன் ரயில் ஏறி வந்தார். நான் அவரை அலுவலகத்துக்குக் கூட்டிப்போகாமல் நேரே கொட்டிலுக்குக் கூட்டிப்போனேன். மகள் வைக்கோலில் காலை நீட்டி இருக்க, பன்றி ஒன்று அவளுடைய காலில் தலையை வைத்துப் படுத்திருந்தது. அவர் கனநேரம் அங்கே நின்றார். வெளியே வந்ததும் என் கையைப் பிடித்தார்.

"அண்ணை, இவளின்ர தாய் அழுதுகொண்டிருக்கிறா. எனக்கும் விருப்பமில்லை. நீங்கள் நிக்கிற இடம் எண்டபடியால்தான் விடுறன்."

"பயப்பிடாதேங்கோ. நான் பாத்துக்கொள்ளுறன்" என்றேன்.

நான் பழக்கிய பிள்ளைகளில் அவளைப்போல் ஒருத்தி இல்லை. பண்ணைக் குடும்பத்துப் பிள்ளைகள் கை பழகி வருவார்கள், ஆனால் அவசரப்படுவார்கள். இவள் பொறுமைசாலி. அடுத்த வருடப் போட்டிக்குக் கொடுத்த பன்றிக்கு லோட்டே என்று பெயர் வைத்தாள். கொப்பியில் அவளுடைய கையெழுத்துத்தான் எல்லோரையும்விட வடிவு. அதனால் இரண்டாம் வருடம் கொப்பி எழுதும் பொறுப்பை அவளிடமே கொடுத்தேன். என்னோடு கொட்டிலில் ஜெர்மனில்தான் கதைப்பாள், கனகராசா என்ற என் பெயரைச் சுருக்கி ஹெர் ராசா என்று கூப்பிடுவாள். யாரும் இல்லாத நேரம் தமிழ், அங்கிள்.

அந்த வருடம் எங்கள் பிரிவை மூடுவதா, விடுவதா என்று மேலிடத்தில் பேச்சு நடந்தது. மாடும் இயந்திரங்களும் போதும், பன்றிக்குச் செலவு கூட என்று சொன்னார்கள். மாநிலப் போட்டிக்கு மேலிடத்து ஆட்கள் வருவதாக இருந்தது. எங்கள் பிள்ளைகள் முதல் இடத்துக்கு வந்தால் பத்திரிகையில் வரும், மூடுவது கஷ்டமாகிவிடும். ஹோல்ட்கம்ப் என்னிடம் அதை நேரே சொல்லவில்லை. 'லோட்டே எப்படி இருக்கிறாள்?' என்று ஒவ்வொரு நாளும் கேட்டார். முன்பு அவர் எந்தப் பன்றியின் பெயரையும் கேட்டவரில்லை.

போட்டிக்கு நாலு நாள் இருக்க, காலையில் மதுரா என்னிடம் ஓடிவந்தாள். லோட்டே எழும்பப் பின்வாங்குகிறது என்றாள். போய்ப் பார்த்தேன். நாய் குந்தியிருப்பதுபோல் குந்தியிருந்தது. எழுப்பினால், வலது பின்னங்காலை நிலத்தில் முழுதாக ஊன்றவில்லை. வீக்கம் எதுவும் வெளியே தெரியவில்லை. இடுப்புப் பக்கம் கை வைத்தால் தோல் துடித்தது. அந்த வயதுப் பன்றிக்கு இடுப்பு மூட்டில் எலும்பு விலகுவதுண்டு. அப்படி இருக்கலாம், வெறும் சுளுக்காகவும் இருக்கலாம். வெளியே நின்று பார்த்துச் சொல்ல ஏலாது. மதுரா, மிருக வைத்தியரைக் கூப்பிடட்டா என்று கேட்டாள். நான் பணிப்பாளரிடம் கேட்டுவிட்டு வாறன் என்றேன். அந்த இடத்தில்தான் நான் பிழை விட்டேன். கேட்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. வைத்தியரைக் கூப்பிடுவது என் பொறுப்பு, என் உரிமை.

ஹோல்ட்கம்ப் எழுந்து அறைக் கதவைச் சாத்தினார். கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"நொண்டுகிறதா, அல்லது கால் கொஞ்சம் இறுக்கமா?"

"நொண்டுது."

"வைத்தியர் வந்தால் என்ன சொல்லுவார்?"

"போட்டிக்குக் கொண்டுபோக வேண்டாம் என்பார்."

"அதற்குப் பிறகு உங்கள் பிரிவுக்கு என்ன நடக்கும் என்று நினைக்கிறீர்கள்?"

நான் மேசையில் கிடந்த கண்ணாடியைப் பார்த்தேன்.

"உங்களுக்கு ஓய்வுக்கு இன்னும் எத்தனை வருடம், ஹெர் ராசா?"

"ஆறு."

அவர் யன்னலுக்கு வெளியே பார்த்தார். பிறகு, வலிக்கு ஏதும் மருந்து நம்மிடம் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். குட்டி போட்டு மடி வீங்கிய ஒரு தாய்ப்பன்றிக்கு வைத்தியர் தந்ததில் மிச்சம் இருந்தது. "நல்லது. நீங்கள் அனுபவசாலி. எனக்குப் பன்றிகளைப் பற்றித் தெரியாது" என்று சொல்லிக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். அவ்வளவுதான். ஊசி என்ற சொல்லே அந்த அறையில் வரவில்லை.

மருந்து போட்ட மிருகத்தைப் போட்டிக்கு விடக் கூடாது என்பது விதி. வலி தெரியாத மிருகம் உடைந்த காலையும் ஊன்றி நடக்கும் என்பது விதிக்குக் காரணம். இரண்டையும் நானே பிள்ளைகளுக்குப் படிப்பித்தவன். மதுராவிடம், இரண்டு நாள் நடத்த வேண்டாம், நல்ல வைக்கோல் போடு, சரியாகிவிடும் என்றேன். போட்டிக்கு முதல் நாள் பிள்ளைகள் வகுப்பில் இருந்த நேரம் முதலாவது ஊசியைக் கழுத்தில் போட்டேன். போட்டியன்று காலை வாகனத்தில் ஏற்ற முன்னம் இரண்டாவது. கொப்பி பக்கத்தில்தான் கிடந்தது. கையைக் கழுவிவிட்டு வந்துவிட்டேன்.

லோட்டே அன்றைக்கு வடிவாக நடந்தது. மதுராவின் முகத்தைப் பார்க்க வேண்டும். வெள்ளைச் சட்டை, கறுப்புக் காற்சட்டை, தலைமயிரை இறுக்கிப் பின்னியிருந்தாள். முதல் சுற்றில் எட்டுப் பேர். கடைசிச் சுற்றுக்கு மூன்று பேரில் ஒருத்தியாக வந்தாள். நடுவர் அவளிடம் குறை என்ன என்று கேட்டிருக்கிறார். நாலு நாள் முன்னம் பின்னங்காலை ஊன்றத் தயங்கியது, இப்போது சரி, ஆனால் நான் அதைக் கவனித்துக்கொண்டிருக்கிறேன் என்று சொன்னாளாம். நடுவர் அதைப் பிறகு எனக்குச் சொன்னார். இரண்டு பன்றிகள் சமமாக இருந்தபடியால் இன்னொரு முறை சுற்றி வரச் சொன்னார்கள். வளையத்தில் மரத்தூள் தடிப்பாகக் கொட்டியிருந்தது. திருப்பத்தில் லோட்டேயின் பின்னங்கால் புதைந்து, வெளிப்பக்கமாக விலகி மடிந்தது. நான் வேலிக்கு வெளியே நின்றேன், எனக்கே அந்தச் சத்தம் கேட்டது. அதற்குப் பிறகு பன்றி கத்திய சத்தத்தில் மற்றது எதுவும் கேட்கவில்லை.

மதுரா பலகையைப் போட்டுவிட்டு மரத்தூளில் குந்தி லோட்டேயின் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். போட்டி வைத்தியர் வந்து தொட்டுப் பார்த்துத் தலையை ஆட்டினார். பலகைகளை நாலு பக்கமும் மறைப்பாகப் பிடித்து அங்கேயே முடித்தார்கள். அவள் எழும்பவில்லை. அவளைத் தூக்கி எழுப்பியது நான்தான். அவளுடைய கை என் கையைப் பிடித்த பிடி எனக்கு இன்னும் தெரியும்.

வைத்தியர் இரத்தம் எடுத்துக்கொண்டு போனார். இரண்டு கிழமையில் முடிவு வந்தது. வலி மருந்து இருந்தது. மிருக நலப் பகுதி எங்கள் கொப்பியைக் கேட்டது. அந்தக் கிழமையில் எதுவும் எழுதப்படவில்லை. மேலும் கீழும் எல்லாம் மதுராவின் கையெழுத்து.

விசாரணைக்கு முதல் நாள் ஹோல்ட்கம்ப் கூப்பிட்டார். திரும்பவும் கண்ணாடி மேசையில். மருந்து அலுமாரியின் திறப்பு வழக்கமாக எங்கே தொங்கும் என்று கேட்டார். தீன் அறையில், ஆணியில் என்றேன். அதைப் பிள்ளைகளும் எடுக்கலாமா? எடுக்கலாம். அந்தக் கிழமை லோட்டேயை யார் பராமரித்தார்? மதுரா. அவள் வெல்ல ஆசைப்பட்டாளா? ஓம், ஆசைப்பட்டாள். அவர் நான் சொன்னவற்றைத் தட்டச்சு செய்து தாளை என் பக்கம் திருப்பி வைத்தார். வாசித்தேன். ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பேனாவையும் அவர்தான் தந்தார்.

நான் கையெழுத்து வைத்தேன்.

அந்த நேரம் என்ன நினைத்தேன் என்று எத்தனையோ முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். ஐம்பத்தொன்பது வயது, ஆறு வருடம், வீட்டுக் கடன், மகளின் படிப்பு என்று சொல்லலாம். எல்லாம் உண்மைதான். ஆனால் பேனாவைப் பிடித்த நேரம் இவை ஒன்றும் நினைவுக்கு வரவில்லை. அவள் சின்னப்பிள்ளை, ஜெர்மனியில் பிறந்தவள், நல்ல மொழி, அவளுக்கு வேறு வழி கிடைக்கும் என்று நினைத்தேன். அது மட்டும்தான். ஒரு பிள்ளையின் வாழ்க்கையை எடுத்து வைத்து, இவளால் தாங்க ஏலும் என்று நான் முடிவு செய்தேன்.

விசாரணையில் மூன்று பேர் இருந்தார்கள். நான் சுவரோரம் இருந்தேன். நீதான் மருந்து போட்டாயா என்று மதுராவிடம் கேட்டார்கள். இல்லை என்றாள். யார் போட்டார் என்று தெரியுமா? அவள் திரும்பி என்னைப் பார்த்தாள். நான் என் கையைப் பார்த்தேன். தெரியாது என்றாள். நிரூபிக்க ஏலாது, ஆனால் நம்பிக்கை உடைந்துவிட்டது என்று எழுதி அவளுடைய ஆவுஸ்பில்டுங் ஒப்பந்தத்தை முறித்தார்கள். நிலையத்துக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. எனக்கு ஒன்றும் இல்லை.

சாமான் எடுக்கப் பாலன் வந்தார். மகள் வாகனத்துக்குள் இருந்து இறங்கவில்லை. அவளுடைய சப்பாத்து, மேலங்கி, கொப்பிகள் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் வைத்துக் கொடுத்தேன். அவர் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு கையையும் கூப்பினார்.

"அண்ணை, உங்களுக்கும் தலைகுனிவாப் போச்சு. மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

பரவாயில்லை என்று சொன்னேன். அந்தச் சொல் என் வாயிலிருந்துதான் வந்தது.

முதலிடம் கிடைக்காமல் போனது மட்டுமல்ல, அந்தச் செய்தி பத்திரிகையிலும் வந்தது. இருந்தும் பிரிவை உடனே மூடவில்லை. இரண்டு வருடம் கழித்து, யாரும் கவனிக்காத ஒரு நாளில், கடிதம் ஒன்றில் மூடினார்கள். ஹோல்ட்கம்ப் அதற்கு முன்பே மேலிடத்துக்குப் பதவி உயர்ந்து போய்விட்டார். மிச்சக் காலத்துக்கு எனக்குக் களஞ்சியத்தில் வேலை தந்தார்கள், விதை மூடையும் உரமும் எண்ணுகிற வேலை. பிரியாவிடை அன்று ஹோல்ட்கம்ப் வந்து பேசினார். ஹெர் ராசாவை நான் எதையும் செய்யச் சொல்ல வேண்டி வந்ததே இல்லை, அவருக்கே எல்லாம் விளங்கும் என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நானும் நன்றி சொன்னேன்.

அன்னிகா வந்து போன பிறகு எனக்கு வீட்டில் இருக்க ஏலாமல் போய்விட்டது. மதுரா பான் நகரில் ட்ராம் ஓட்டுகிறாள் என்று ஒரு கலியாண வீட்டில் கேள்விப்பட்டிருந்தேன். அங்கே போய் ட்ராம்களில் ஏறி இறங்கினேன். முதல் நாள் காணவில்லை. இரண்டாம் நாள் மதியம், ஒரு வண்டி நிற்க, கண்ணாடிக்குப் பின்னால் அவள் இருந்தாள். முகம் கொஞ்சம் நிரம்பியிருந்தது. கடைசித் தரிப்பிடம் வரை போனேன். அங்கே ஓட்டுநர் வண்டியின் இந்த முனையில் இருந்து மற்ற முனைக்கு நடந்து போய்த் திரும்ப ஓட்ட வேண்டும். ஆட்கள் எல்லோரும் இறங்கிவிட்டார்கள். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்து வந்து, என்னைக் கண்டு நின்றாள்.

"அங்கிள்."

எத்தனையோ விதமாகச் சொல்ல யோசித்து வைத்திருந்தேன். எல்லாம் மறந்துபோய், "ஊசி போட்டது நான், பிள்ளை" என்று மட்டும் சொன்னேன்.

அவள் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"தெரியும். அண்டைக்குக் காலமை போட்டி இடத்தில கழுவேக்க பாத்தனான். கழுத்தில ரெண்டு குத்து. நீங்கள் போட்டிருந்தா அது சரியாத்தான் இருக்கும் எண்டு நினைச்சன்."

அவள் பக்கத்து இருக்கையின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"விசாரணையில நீங்கள் எழும்பிச் சொல்லுவீங்கள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன். கடைசி மட்டும்."

ஏன் நீ சொல்லவில்லை என்று கேட்டேன். அவள் அதற்கு ஜெர்மனில் பதில் சொன்னாள். அப்போது எனக்குப் பதினேழு வயது, நீங்கள் என் ஆசிரியர் என்றாள். பிறகு கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்று நிமிடத்தில் வண்டி புறப்பட வேண்டும்.

நான் இப்ப என்ன செய்ய, சொல்லு, செய்யிறன் என்றேன். நிலையத்துக்கும் மேலிடத்துக்கும் கடிதம் எழுதுகிறேன் என்றேன். அவள் தலையை ஆட்டினாள்.

"அவை எனக்குத் தேவையில்லை. அப்பாவிட்டப் போய்ச் சொல்லுங்கோ."

மற்ற முனைக்குப் போய்க் கதவைச் சாத்தினாள். நான் அதே வண்டியில் இருந்து திரும்பி வந்தேன். புகையிரத நிலையத்தில் இறங்கும்போது அவள் கண்ணாடியில் பார்த்திருப்பாள். வண்டி போய்விட்டது.

மேலிடத்துக்கும் எழுதினேன், பெயர், திகதி, மருந்தின் பெயர், அளவு எல்லாம் போட்டு. இரண்டு வரியில் பதில் வந்தது. அந்தக் கோப்பு வைத்திருக்க வேண்டிய காலம் முடிந்து அழிக்கப்பட்டுவிட்டதாம். தங்கள் தகவலுக்கு நன்றி.

பாலனிடம் போவதற்கு எனக்கு இன்னும் ஒரு மாதம் எடுத்தது. அவர் இப்போது தனிய இருக்கிறார், மனைவி போன வருடம் தவறிவிட்டா. மூன்றாம் மாடி. கதவைத் திறந்து, "அண்ணை, வாங்கோ, வாங்கோ" என்று சந்தோசப்பட்டார். தேத்தண்ணி போட்டார். பருத்தித்துறை வடை ஒரு பையில் இருந்ததைத் தட்டில் கொட்டினார். நான் ஒன்றையும் தொடாமல் சொன்னேன். லோட்டே நொண்டிய காலையிலிருந்து தொடங்கி, அந்த அறையில் கேட்ட கேள்விகள், இரண்டு ஊசி, தாள், கையெழுத்து, எல்லாம்.

முடிந்த பிறகு தேத்தண்ணிக் கோப்பையைத் தள்ளி வைத்தார்.

"அவள் எனக்கு ஒருக்கா சொன்னவள், அண்ணை. வாகனத்துக்குள்ள, நாங்கள் வீட்டை வாற வழியில. நான் செய்யேல்லை அப்பா எண்டு."

"ஓம்."

"நான் என்ன சொன்னனான் தெரியுமோ? கனகராசா அண்ணை கையெழுத்து வைச்சிருக்கிறார், அவர் பொய் சொல்ல மாட்டார் எண்டு சொன்னனான். அதுக்குப் பிறகு அவள் அதைப்பற்றிக் கதைக்கேல்லை. பிறகு பிறகு ஒண்டையும் கதைக்கேல்லை. பதினெட்டு முடிஞ்ச உடன வெளிக்கிட்டிட்டாள். தாயின்ர செத்தவீட்டுக்கு வந்து, பின்வரிசையில நிண்டிட்டுப் போனவள்."

மன்னித்துக்கொள்ளுங்கோ என்று வாயெடுத்தேன். அவர் கையை உயர்த்தி நிற்பாட்டினார். கோபத்தில் இல்லை, இப்போது அதற்கு நேரமில்லை என்பதுபோல.

எழுந்து போய்க் கைத்தொலைபேசியை எடுத்து வந்தார். கண்ணாடி இல்லாமல் இலக்கத்தைத் தேட முடியவில்லை; தேடி எடுத்துப் போட்டுக்கொண்டு அழுத்தினார். காதில் வைத்துக்கொண்டு நின்றார். மணி அடிக்கிற சத்தம் எனக்கும் கேட்டது. எடுக்கவில்லை. திரும்ப அழுத்தினார்.

"எடுக்கிறாள் இல்லை" என்றார் என்னைப் பார்த்து. "என்னோட கோபம்போல."

அது செவ்வாய்க்கிழமை, மதியம் ஒரு மணி தாண்டியிருந்தது. நான் அவளைக் கண்ட அதே நேரம். அவள் வேலையில் இருப்பாள், ஓட்டும்போது தொலைபேசியைத் தொட மாட்டாள் என்று எனக்குத் தெரியும். தன் மகள் எந்த நேரத்தில் வேலை செய்கிறாள் என்று அவருக்குத் தெரியவில்லை. நான் அதைச் சொன்னேன். நாலு மணிக்குப் பிறகு எடுத்துப் பாருங்கோ என்றேன்.

அவர் சரி என்று தலையாட்டினார். ஆனால் நான் படி இறங்கும்போதும் அவர் வாசலில் நின்று, தொலைபேசியைக் காதில் வைத்துக்கொண்டிருந்தார்.